ஒரு கைப்பிடிக் கரியில் ஓடும் லேப்டாப்!

நெய்வேலிக்குப் பக்கத்தில் மந்தாரக்குப்பம் என்று ஓர் ஊர்.

அங்கே ஒரு வீட்டை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். வாசலில் நின்று பார்த்தால் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். வானத்தை முட்டுவது போல நிற்கும். அவற்றின் அடியில்தான் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்குப் போகிறது. கேரளாவுக்குப் போகிறது. கர்நாடகம், ஆந்திரா, தெலுங்கானா, புதுச்சேரி என்று தென்னாடு முழுவதும் போகிறது.

ஆனால், அந்த வீட்டில் மின்விசிறி ஓடவில்லை!

அன்று மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை 9 மணிக்குக் கரண்டு போனது. மாலை 5 மணிக்குத்தான் வரும். "நாளைய மின்தடை" என்று முதல் நாளே பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது.

மின்நிலையம் பக்கத்தில் இருந்தால் என்ன? அங்கே பிறக்கும் மின்சாரம் நேராக அடுத்த வீட்டுக்கு வந்துவிடாது. முதலில் உயரமான கோபுரங்களில் கட்டிய பெரிய கம்பிகளில் ஏறி வெளியூர் போகும். பிறகு துணை மின்நிலையங்களில் இறங்கி, தெருக் கம்பம் வழியாக வீட்டுக்கு வரும். தெருக் கம்பியில் வேலை நடந்தால், புகைபோக்கிக்குக் கீழே இருந்தாலும் இருட்டுதான்.

அந்த வீட்டில் ஒரு மகள். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். மறுநாள் 'புராஜெக்ட்' அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். நாற்பது பக்கம் முடிந்துவிட்டது. இன்னும் பத்துப் பக்கம் பாக்கி.

லேப்டாப்பைத் திறந்தாள். பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தது. ஆனால், "இன்னும் 3 மணி நேரம்" என்று காட்டியது!

பகல் 12 மணிக்கு லேப்டாப் நின்றுவிடும். பிறகு ஐந்து மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதே லேப்டாப். அதே பேட்டரி. அதை வைத்துக்கொண்டு மாலை வரை ஓட்ட முடியுமா?

முடியும். ஒரு பைசா செலவு இல்லை. லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் 'செட்டிங்ஸ்' சிலவற்றை மாற்றினால் போதும்.

கிணறு தோண்டக் கரி வந்தது

நெய்வேலியின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு போட்டார். தண்ணீரோடு கரிய துகள்களும் வந்தன. அது சாதாரண மண் அல்ல, எரியும் பொருள் என்று பின்னால் தெரிந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி.

1956-ம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதம மந்திரி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது முதல்-மந்திரி காமராஜர். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. ரஷியாவின் உதவியோடு கட்டிய அந்த முதல் மின்நிலையம், 2020-ம் ஆண்டு செப்டம்பரில் முழு ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குள் புதிய நிலையங்கள் வந்துவிட்டன.

கரி எடுப்பது லேசான வேலை அல்ல. ராட்சத சக்கரம் ஒன்று சுழலும். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். அவை மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கும். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதையும் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த கரியில் ஒரு கிலோவை எரித்தால், ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும்.

இப்போது லேப்டாப்புக்கு வருவோம். சாதாரண லேப்டாப் பேட்டரி ஒன்றில் 50 'வாட்-மணி' அளவுக்கு மின்சாரம் நிற்கும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால்தான் ஒரு யூனிட். ஆகவே, பேட்டரியில் இருப்பது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. அதற்கு 50 கிராம் கரி. வழியில் கம்பியிலும் சார்ஜரிலும் வீணாவதைச் சேர்த்தால் 70 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதாவது, ஒரு கைப்பிடிக் கரி!

அந்த மாணவி அன்று முழுவதும் இந்த ஒரு கைப்பிடிக் கரியை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

ஒரே ஆண்டில் இரண்டு சம்பவம்

தமிழ்நாட்டு வீடுகளுக்கு லேப்டாப் பெருவாரியாக வந்தது 2011-ம் ஆண்டில்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி முதல்-மந்திரி ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கினார். அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மாணவ-மாணவிகளுக்குக் கிடைத்தது. கூலி வேலை செய்பவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் நுழைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் வழங்கப்பட்டன.

அதே ஆண்டின் கடைசியில் இன்னொன்றும் வந்தது.

டிசம்பர் 30-ந் தேதி. விடியற்காலை. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. காற்று பேய் போல அடித்தது. பண்ருட்டிப் பக்கத்தில் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட மரங்கள்! மின்கம்பங்கள் ஆயிரம் ஆயிரமாக விழுந்தன. கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

அது போய் 2012 வந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதுமே மின்வெட்டு. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்டு இல்லை. கையில் புது லேப்டாப். சுவரில் கரண்டு இல்லாத பிளக்!

அப்போதுதான் பல வீடுகளில் பேட்டரியின் அருமை தெரிந்தது.

இன்று அந்த அளவுக்கு மின்வெட்டு இல்லை. ஆனால் பராமரிப்பு நாள் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுவது இருக்கிறது. பஸ்ஸில், ரெயிலில் படிப்பது இருக்கிறது. லேப்டாப் பெறுவோரும் குறையவில்லை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது 'டேப்லெட்' தரப்படும் என்று 2025-ம் ஆண்டு மார்ச் மாத பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

குடமும் குழாயும்

பேட்டரியை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் 50 படி தண்ணீர். அடியில் ஒரு குழாய். மணிக்கு 16 படி வீதம் வெளியே போனால், மூன்று மணி நேரத்தில் குடம் காலி. மணிக்கு 8 படி வீதம் போனால், ஆறு மணி நேரம் வரும்.

லேப்டாப்பில் அந்தப் படிக்குப் பெயர் 'வாட்'. குடத்தைப் பெரிதாக்க முடியாது. குழாயைத் திருகிச் சிறிதாக்கலாம்.

மாணவியின் லேப்டாப் 16 வாட் குடித்துக்கொண்டிருந்தது. அதை 8 வாட்டுக்குக் கொண்டுவந்தால் ஆறு மணி நேரம் கிடைக்கும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் இரண்டு மணி நேரம் மூடி வைத்தால், எட்டு மணி நேரத்தைக் கடந்துவிடலாம்.

எந்தக் குழாய் பெரியது? அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

முதல் திருடன் கண் முன்னாலே!

திரைதான் அந்தத் திருடன்.

லேப்டாப் திரைக்குப் பின்னால் விளக்குகள் உள்ளன. திரை முழு வெளிச்சத்தில் இருந்தால் அதற்கு மட்டும் 5, 6 வாட் போய்விடும். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினால் 2, 3 வாட்டில் வேலை முடியும். வேறு எதையும் தொட வேண்டாம்; இந்த ஒன்றிலேயே ஒரு மணி நேரம் வரை கூடுதலாகக் கிடைத்துவிடும்.

விசைப்பலகையின் மேல் வரிசையில் சூரியன் படம் போட்ட இரண்டு விசைகள் இருக்கும். ஒன்று வெளிச்சத்தைக் கூட்டும். மற்றது குறைக்கும். அவ்வளவுதான் வித்தை.

"வெளிச்சத்தைக் குறைத்தால் எழுத்துத் தெரியவில்லையே?" என்று கேட்கலாம்.

ஜன்னலுக்கு எதிரே திரையைத் திருப்பி வைத்தால் எப்படித் தெரியும்? ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசும். உடனே வெளிச்சத்தைக் கூட்டத் தோன்றும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்கார வேண்டும். திண்ணையைவிடக் கூடம் நல்லது. நிழலில் கால் பங்கு வெளிச்சமே படிக்கப் போதும். எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டால் கண்ணுக்கும் சுகம். எழுத்தைப் பெரிதாக்குவதால் மின்சாரம் கூடாது.

திரையைக் கறுப்பாக மாற்றும் 'டார்க் மோடு' ஒன்று உண்டு. அதைப் போட்டால் பேட்டரி மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். 'ஓஎல்இடி' என்ற உயர்ந்த ரகத் திரையில் அது உண்மை. அங்கே கறுப்பு என்றால் விளக்கே எரியாது. ஆனால், சாதாரண 'எல்சிடி' திரையில் கறுப்புக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அங்கே அதனால் பயன் இல்லை.

சில லேப்டாப்களில் விசைப்பலகைக்கு அடியிலும் விளக்கு எரியும். பட்டப்பகலில் அது எதற்கு? அணைத்துவிடலாம்.

விளையாட்டுப் பிரியர்களுக்கென்று வரும் லேப்டாப்களில் திரை ஒரு விநாடிக்கு 120 தடவை, 144 தடவை புதுப்பிக்கப்படும். கட்டுரை எழுத 60 தடவை போதும். 'டிஸ்பிளே' செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

அண்ணன் வந்தான்

மாணவி வெளிச்சத்தைக் குறைத்தாள். எழுத உட்கார்ந்தாள். அப்போது அண்ணன் வந்தான். கையில் செல்போன். அதில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"பாப்பா, லேப்டாப்புல கொஞ்சம் சொருகிக்கிறேன்."

"சொருகாதண்ணா!"

"போனுதானே? என்னா பெருசா குடிச்சிடப் போவுது?"

பெரிதாகத்தான் குடிக்கும்! இன்றைய செல்போன் பேட்டரிகளில் பெரும்பாலும் '5000' என்று ஓர் எண் போட்டிருக்கும். அது 19 வாட்-மணி. வழியில் வீணாவதையும் சேர்த்தால், ஒரு போனை முழுவதும் சார்ஜ் செய்ய 20 வாட்-மணிக்கும் மேல் வேண்டும். லேப்டாப்பில் இருப்பதே 50. ஏறத்தாழ பாதிக் குடம் போய்விடும். அண்ணனுக்கு ஒரு போன். தங்கைக்கு இரண்டரை மணி நேரம்!

பென் டிரைவ், மவுஸ், வெளி ஸ்பீக்கர் எல்லாம் இந்த வகைதான். போன் அளவுக்குக் குடிக்காது. ஆனாலும், வேலை முடிந்ததும் பிடுங்கி வைப்பது நல்லது.

ஓசைப்படாமல் ஓடும் வேலைக்காரர்கள்

திரையில் ஒரே ஒரு கட்டுரைதான் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா?

லேப்டாப்பைத் திறந்தவுடன், கூப்பிடாமலே பத்துப் பன்னிரண்டு புரோகிராம்கள் எழுந்து உட்காரும். ஒன்று வைரஸ் தேடும். ஒன்று போட்டோக்களை இன்டர்நெட்டுக்கு அனுப்பும். ஒன்று புதுப் பதிப்பை இறக்கும். பிரவுசரில் என்றோ திறந்து மூடாமல் விட்ட பக்கங்கள் வேறு. அவற்றில் விளம்பரப் படங்கள் ஆடிக்கொண்டிருக்கும். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் ஆடும்!

'கன்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸ் லேப்டாப்பில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியல் வரும். எந்தப் புரோகிராம் எவ்வளவு உழைக்கிறது என்று அதில் பார்க்கலாம். அதிலேயே 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு பகுதி உண்டு. லேப்டாப் திறந்ததும் தானாகக் கிளம்பும் புரோகிராம்கள் அங்கே தெரியும். வேண்டாதவற்றை நிறுத்தலாம். பெயர் புரியாததைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

கரண்டு இல்லாவிட்டால் வீட்டு இன்டர்நெட் பெட்டியும் செத்துவிடும். ஆனால் லேப்டாப்புக்கு அது தெரியாது. வை-பை எங்கே, வை-பை எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கும். 'ஏரோப்ளேன் மோடு' போட்டுவிட்டால் வை-பை, புளூடூத் இரண்டும் ஒரே தட்டில் அடங்கும். பாட வீடியோக்களையும் குறிப்புகளையும் முதல் நாள் இரவே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாணவி அதைச் செய்திருந்தாள். கெட்டிக்காரி!

வேகம் எதற்கு?

பஸ்ஸை விரட்டி ஓட்டினால் டீசல் அதிகம் செலவாகும். நிதானமாகப் போனால் மிச்சமாகும். லேப்டாப்பின் மூளையான 'பிராசசர்' அப்படித்தான். இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு மின்சாரம் போதாது. அதைவிட அதிகம் கேட்கும். வேகம் கூட்டும்போது மின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

கட்டுரை டைப் செய்ய அந்த வேகம் தேவையில்லை. எவ்வளவு வேகமாக டைப் அடித்தாலும் லேப்டாப்பின் பார்வையில் மனிதன் ஆமைதான்!

விண்டோஸில் 'செட்டிங்ஸ்' போய், 'சிஸ்டம்' திறந்து, அதில் 'பவர்' பகுதிக்குப் போனால் 'பவர் மோடு' என்று இருக்கும். அதில் சிக்கனத்துக்கு உரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பேட்டரி சேவர்' அல்லது 'எனர்ஜி சேவர்' என்ற பெயரில் ஒரு பொத்தானும் உண்டு. ஆப்பிள் லேப்டாப்பில் அதன் பெயர் 'லோ பவர் மோடு'. அதைப் போட்டதும் வெளிச்சம் குறையும். பின்னால் ஓடும் வேலைகள் அடங்கும்.

பேட்டரி நன்றாக இறங்கிய பிறகுதான் இந்தப் பொத்தான் தானாக விழும். வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுவது போல! மின்தடை என்று தெரிந்தால் காலை 9 மணிக்கே கையால் போட்டுவிட வேண்டும்.

தூக்கத்தில் இரண்டு வகை

பகல் ஒரு மணி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

சாப்பிடப் போகும்போது லேப்டாப்பை அப்படியே விட்டால், சும்மா கிடந்தே மின்சாரம் தீரும். மூடியை மூடினால் தூங்கும். இதற்கு 'ஸ்லீப்' என்று பெயர். ஆனால் இது கோழித் தூக்கம். பாதி எழுதிய கட்டுரை நினைவில் நிற்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு அது பரவாயில்லை.

இரவு முழுவதும் என்றால்? சில லேப்டாப்கள் தூக்கத்திலேயே இன்டர்நெட்டைத் தேடும், அஞ்சல் பார்க்கும். காலையில் திறந்தால் பத்தில் ஒரு பங்கு சார்ஜ் காணாமல் போயிருக்கும். பைக்குள் வைத்த லேப்டாப் கொதிக்கிறதே என்று சிலர் பயப்படுவதும் இதனால்தான்.

இரண்டாவது வகை 'ஹைபர்னேட்'. இது கும்பகர்ணன் தூக்கம். நடந்துகொண்டிருந்த வேலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, லேப்டாப் அடியோடு அணைந்துவிடும். மறுபடி திறந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால், ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் பேட்டரி ஏறத்தாழ வைத்தபடி இருக்கும்.

பல லேப்டாப்களில் இந்தப் பொத்தான் மறைந்து கிடக்கும். 'கன்ட்ரோல் பேனல்' திறந்து, 'பவர் ஆப்ஷன்ஸ்' போனால், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும், பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். அங்கே 'ஹைபர்னேட்'டை வெளியே கொண்டுவரலாம்.

யாரும் தொடாவிட்டால் எத்தனை நிமிடத்தில் திரை அணைய வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லி வைக்கலாம். பேட்டரியில் ஓடும்போது இரண்டு, மூன்று நிமிடம் போதும்.

பேட்டரிக்கும் ஆயுள் உண்டு

இதுவரை சொன்னது ஒரு நாள் கதை. ஆண்டுக்கணக்கில் பேட்டரி உழைக்க வேண்டும் என்றால், அது வேறு கதை.

லேப்டாப்பில் இருப்பது 'லித்தியம்-அயன்' பேட்டரி. 1991-ம் ஆண்டு ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி வகுத்த விஞ்ஞானிகள் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃப்புக்கு வயது 97!

இந்தப் பேட்டரிக்குள் இரண்டு அறைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அணுக்கள் ஓர் அறையில் இருந்து மற்ற அறைக்குப் போகும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். போய் வரப் போய் வர, சில அணுக்கள் வழியில் சிக்கிக்கொள்ளும். சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் குடம் சுருங்கிவிடும். 50 படி பிடித்தது 40 படிதான் பிடிக்கும்.

அதைச் சீக்கிரம் சுருங்கச் செய்வது வெப்பம். மெத்தை மேல், தலையணை மேல் லேப்டாப்பை வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். அக்கினி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு மரப்பலகையோ, மேசையோ போதும்.

இன்னொரு காரணம், எப்போதும் நூறு சதவீதத்தில் வைத்திருப்பது. பேட்டரிக்கு நிறை வயிறும் ஆகாது. வெறும் வயிறும் ஆகாது. அதனால்தான் பல கம்பெனிகள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியை வைத்திருக்கின்றன. எந்நேரமும் சார்ஜரில் போட்டு வேலை செய்பவர்கள் அதைப் போட்டுவைப்பது நல்லது.

ஆனால், இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மறுநாள் மின்தடை என்றால் 80 சதவீதம் போதுமா? போதாது. பத்திரிகையில் தங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும், அன்று இரவு மட்டும் அந்தத் தடையை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். பேட்டரி நமக்காகத்தான். நாம் பேட்டரிக்காக அல்ல.

"பேட்டரியை அடியோடு தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்" என்று வீட்டுக்கு வீடு ஒரு பெரியவர் சொல்வார். அது பழைய 'நிக்கல்-காட்மியம்' பேட்டரி காலத்துப் பாடம். அந்தக் காலத்துக்கு அது சரி. லித்தியத்துக்கு ஆகாது. விடுமுறையில் லேப்டாப்பைப் பல மாதம் மூடி வைப்பதானால், பாதி சார்ஜோடு வைக்க வேண்டும்.

லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அது ஆபத்து! உடனே நிறுத்திவிட வேண்டும். சார்ஜ் போடக் கூடாது. ஊசியால் குத்திப் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். பழுது பார்க்கும் நிலையத்தில் கொடுத்து மாற்ற வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் தவறு. தயாரித்த கம்பெனிகளே அவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2022-ம் ஆண்டு மத்திய அரசின் விதி சொல்கிறது.

அந்தமானில் ஒரு பெரிய குடம்

வேடிக்கை என்னவென்றால், கரி தோண்டிய நெய்வேலி நிறுவனமும் பேட்டரி பக்கம் வந்துவிட்டது! மின்சாரத்தைப் பிறந்த நொடியே செலவழித்தாக வேண்டும். நெல் மாதிரிக் குதிரில் கொட்டி வைக்க முடியாது என்பதுதான் அந்தக் காலத்து நிலை. இப்போது அந்தமானில் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுத்து, அதில் ஒரு பகுதியைப் பேட்டரியில் சேர்த்து வைக்கிறார்கள். 2020-ல் முடிந்த வேலை இது. அங்கே 8,000 யூனிட் சேமிக்கலாம். மாணவியின் லேப்டாப் மாதிரி 1 லட்சத்து 60 ஆயிரம் பேட்டரிகளை அடுக்கி வைத்த அளவு.

மந்தாரக்குப்பத்து வீட்டில் இருந்தது அதில் ஒன்றுதான்.

மணி நாலே முக்கால்

பத்தாவது பக்கம் முடிந்தது. மாணவி ஒரு தடவை ஆரம்பத்தில் இருந்து படித்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. திருத்தினாள். அறிக்கையைப் பென் டிரைவில் போட்டாள். பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் வைத்தாள். பேட்டரி 7 சதவீதம் என்று காட்டியது. மூடியை மூடினாள்.

மணி 5 ஆயிற்று. கரண்டு வரவில்லை.

5.10. மின்விசிறி கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுச் சுற்ற ஆரம்பித்தது. தெருவில் பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள்.

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். வீட்டில் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் லேப்டாப் சார்ஜர் ஏற்கெனவே ஏறிவிட்டது.